ஊசி குத்தும் முன் நாலு கேள்வி கேளுங்கள்

முழு உடல் பரிசோதனைப் பேக்கேஜ் விற்கும் லேப்கள், மருத்துவமனைகளின் நிர்வாகிகளுக்கு,

வணக்கம்.

ஐம்பது வயது தாண்டிய ஆண்களுக்கென்று நீங்கள் வைத்திருக்கும் பேக்கேஜில், தைராய்டுக்கும் வைட்டமின் டி-க்கும் நடுவே பி.எஸ்.ஏ. என்று ஒரு வரி வரும். அந்த ஒரு வரிக்காகத்தான் இந்த மடல். ஆண்களுக்குச் சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் புராஸ்டேட் சுரப்பியில் புற்றுநோய் இருக்குமோ என்று பார்க்கும் ரத்தப் பரிசோதனை அது என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. எங்கள் வீட்டில்தான் அது என்னவென்று தெரியாமலே ரத்தம் கொடுத்துவிட்டோம்.

கேட்பது இவ்வளவுதான்: பி.எஸ்.ஏ.வுக்கு ரத்தம் எடுக்கும் முன் வந்தவரிடம் நாலு கேள்வி கேளுங்கள். அதையே தமிழில் ஒரு தாளில் அச்சடித்து, முன்பதிவு செய்யும்போதே கையில் கொடுங்கள். எதற்குக் கேட்கிறேன் என்று சொல்கிறேன், கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

என் அப்பாவுக்கு 71 வயது. 34 வருஷம் தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். கும்பகோணத்துப் பக்கம் ஒரு கிராமம். பொங்கல் சலுகை என்று நீங்கள் அனுப்பிய செய்தியைப் பார்த்துத் திருச்சியில் இருந்தபடி நான்தான் பணம் கட்டினேன். முந்தின நாள் உங்கள் ஆட்கள் மூன்று தடவை போன் செய்தார்கள். “பன்னிரண்டு மணி நேரம் வெறும் வயிறு சார், தண்ணி மட்டும்தான், டீகூடக் கூடாது.” மூன்று தடவையும் அதேதான். அப்பா சாயங்காலம் ஆறரைக்கே இட்லியை முடித்துக்கொண்டார். மறுநாள் காலை, வெறும் வயிற்றோடு, ஆறு கிலோமீட்டர் சைக்கிள் மிதித்து உங்கள் லேபுக்கு வந்து சேர்ந்தார். பஸ்ஸுக்குக் காத்து நிற்பது அவருக்குக் கௌரவக் குறைச்சல்.

சர்க்கரைக்கும் கொழுப்புக்கும் வெறும் வயிறு வேண்டும், சரி. பி.எஸ்.ஏ.வுக்கு அது தேவையே இல்லை. அதற்குத் தெரிந்திருக்க வேண்டியவை வேறு. மார்கழி பிறந்ததும் அப்பாவுக்கு நீர்க்கடுப்பு வந்து, சிறுநீரில் தொற்று என்று ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டிருந்தார். உங்களிடம் வந்த அன்று அந்த மாத்திரை முடிந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். காலை டீ குடிக்கவில்லை என்பதைக் கேட்காமலே மூன்று பேரிடம் சொன்ன மனிதர் அவர்.

சனிக்கிழமை ராத்திரி ஒன்பதே முக்காலுக்கு வாட்ஸ்அப்பில் ரிப்போர்ட் வந்தது. 87 வரிகளில் ஒன்று மட்டும் சிவப்பு. பி.எஸ்.ஏ. 8.9. பக்கத்தில் 0 முதல் 4 வரை என்று அளவு. அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. ஞாயிற்றுக்கிழமை லேபுக்கு விடுமுறை. அப்பா எங்களிடம் ஒன்றும் சொல்லவில்லை. போனில் தேடிப் படித்திருக்கிறார். அந்த மூன்றெழுத்தைத் தேடினால் முதலில் என்ன வந்து நிற்கும் என்று உங்களுக்கும் தெரியும்.

செவ்வாய்க்கிழமை அம்மாதான் கூப்பிட்டாள். “அப்பா போஸ்ட் ஆபீஸுக்குப் போய் எல்லாப் பாஸ்புக்கிலும் நாமினி பேரு சரியா இருக்கான்னு பாத்துட்டு வந்திருக்காருடா. இப்ப என்னை உட்கார வெச்சு போன்ல எப்படி கேஸ் புக் பண்றதுன்னு சொல்லிக்குடுக்கறாரு. எதுக்குடா இதெல்லாம்?”

நாற்பத்தைந்து வருஷக் குடித்தனத்தில் அம்மா ஒருமுறைகூட கேஸ் புக் செய்ததில்லை. ஓடிபி என்று வரும், அதைச் சொல்ல வேண்டும் என்று அப்பா ஒரு நோட்டில் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறார். அந்த நோட்டு இன்னும் எங்கள் வீட்டு அடுக்களை அலமாரியில் இருக்கிறது. அடுத்த பக்கத்தில் கரண்ட் பில் கட்டுவது. அதற்கடுத்த பக்கத்தில் பென்ஷன் ஆபீஸில் யாரைப் போய்ப் பார்க்க வேண்டும் என்று. அந்த மூன்றாவது பக்கத்தை அம்மா படிக்கவில்லை. நான் படித்தேன்.

அதே நாள் உங்கள் பக்கத்திலிருந்து ஒரு போன் வந்தது. பயாப்ஸி செய்துவிடலாம், இந்த வாரமே நேரம் இருக்கிறது என்று. பன்னிரண்டு மணி நேரம் டீ குடிக்காமல் இருந்தாரா என்று மூன்று தடவை கேட்டவர்கள், ஆசனவாய் வழியாக ஊசியை விட்டுச் சதை எடுக்கும் முன் ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

திருச்சியில் ஒரு சிறுநீரியல் (யூராலஜி) மருத்துவரிடம் கூட்டிப்போனேன். ரிப்போர்ட்டை ஓரமாக வைத்துவிட்டு அவர் அப்பாவிடம்தான் பேசினார். சமீபத்தில் சிறுநீரில் தொற்று வந்ததா, சிறுநீர் போக டியூப் ஏதும் போட்டார்களா? முந்தின ரெண்டு நாளில் சைக்கிள், கடுமையான உடற்பயிற்சி உண்டா? அந்த ரெண்டு நாளில் தாம்பத்தியம் இருந்ததா? புராஸ்டேட்டுக்கோ முடி கொட்டுவதற்கோ ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறீர்களா? நான் சொல்லும் நாலு கேள்வி இவைதான். மூன்று நிமிஷம்கூட ஆகவில்லை. ஆசனவாய் வழியாக விரலால் புராஸ்டேட்டைத் தொட்டுப் பார்த்தார், சிறுநீரைச் சோதிக்கச் சொன்னார். “எட்டு வாரம் போகட்டும், திரும்ப எடுப்போம். இடையில ஒண்ணும் குடி முழுகிப் போயிடாது” என்றார்.

பங்குனியில் திரும்ப எடுத்தோம். இந்த முறை ஆட்டோ. 2.7.

இதில் மர்மம் ஒன்றும் இல்லை. விந்து கெட்டியாகாமல் நீர்த்திருக்க புராஸ்டேட் சுரப்பி சுரக்கும் ஒரு புரதம்தான் பி.எஸ்.ஏ. அதில் துளி எப்போதும் ரத்தத்தில் கசியும். சுரப்பி வீங்கினால், தொற்று வந்தால், டியூப் போட்டால், சதை எடுத்தால் கசிவு கூடும். புற்றுநோய் வந்தாலும் கூடும். ஏன் கூடியது என்று அந்த எண் தானாகச் சொல்லாது. 4-க்கும் 10-க்கும் இடையே வந்து பயாப்ஸி செய்துகொண்டவர்களில் ஏறக்குறைய நாலில் ஒருவருக்குத்தான் புற்றுநோய் இருக்கிறது என்பது பழைய கணக்கு. அதனால்தான் தொற்று வந்தாலோ பயாப்ஸி செய்திருந்தாலோ ஆறு வாரம் தள்ளிப்போடச் சொல்கிறார்கள். பிரிட்டனில் இந்தப் பரிசோதனை கேட்டு வருபவரிடம், முந்தைய 48 மணி நேரத்தில் விந்து வெளியேறியதா, சைக்கிள் போன்ற கடும் பயிற்சி இருந்ததா என்றும் பார்க்கச் சொல்லி மருத்துவர்களுக்கு வழிகாட்டுதல் இருக்கிறது. சைக்கிள் எவ்வளவு ஏற்றும் என்பதில் ஆய்வுகள் ஒத்துப்போகவில்லைதான். எங்கள் அப்பா விஷயத்தில் பெரும்பாலும் அந்தத் தொற்றுதான் காரணம் என்றார் டாக்டர். அதனால் என்ன? ரெண்டு நாள் சைக்கிளை நிறுத்தி வைக்க யாருக்குச் செலவு?

நாலாவது கேள்வி இருக்கிறதே, அது இன்னும் முக்கியம். ஃபினாஸ்டரைடு, டூடாஸ்டரைடு என்ற மாத்திரைகளை ஆறு மாதம், ஒரு வருஷம் சாப்பிட்டால் பி.எஸ்.ஏ. ஏறக்குறைய பாதியாகிவிடும். அதைச் சாப்பிடுபவருக்கு வரும் எண்ணை மருத்துவர்கள் இரண்டால் பெருக்கிப் பார்ப்பது வழக்கம். எங்கள் தெருவில் ஒரு பெரியப்பா இருக்கிறார். சிறுநீர் கழிக்க ராத்திரி நாலு தடவை எழுந்திருக்கிறார் என்று டூடாஸ்டரைடு கலந்த மாத்திரையை ரெண்டு வருஷமாக விழுங்குகிறார். உங்கள் பேக்கேஜில் அவருக்கு 3.4. சிவப்பு இல்லை, எல்லாம் கறுப்பு. தெருவில் நாலு பேருக்கு சர்க்கரைப் பொங்கல் கொடுத்தார். அவருடைய உண்மையான எண் ஏழுக்குப் பக்கம் என்பது அப்பாவோடு நான் அலைந்தபோதுதான் எங்களுக்கே புரிந்தது. இப்போது எம்.ஆர்.ஐ. எடுத்துவிட்டுக் காத்திருக்கிறார். பயமுறுத்திய எண்ணையாவது திரும்ப எடுத்துப் பார்க்கலாம். நிம்மதி கொடுத்த எண்ணை யார் திரும்பப் பார்க்கப்போகிறார்கள்?

இதையெல்லாம் உங்கள் முன் மேசையில் கேட்டேன். “அது டாக்டர்தான் சார் சொல்லணும்” என்றார்கள். எந்த டாக்டர்? பேக்கேஜை வாட்ஸ்அப்பில் விற்றது நீங்கள். பணம் வாங்கியது நீங்கள். ரத்தம் எடுத்தது உங்கள் ஆள். ரிப்போர்ட் வந்து பயாப்ஸிக்கு நேரம் ஒதுக்கும்வரை நடுவில் எந்த டாக்டர் வந்தார்? உங்கள் ரிப்போர்ட்டின் உச்சியில், லேப்களுக்குத் தரச்சான்று கொடுக்கும் என்.ஏ.பி.எல். அமைப்பின் முத்திரை பளபளக்கிறது. அந்தச் சான்றுக்கு அடிப்படையான ஐ.எஸ்.ஓ. 15189 தரவிதியில், பரிசோதனைக்கு நோயாளி எப்படித் தயாராக வேண்டும் என்ற தகவலைத் தருவதும் லேபின் பொறுப்பாகத்தான் எழுதப்பட்டிருக்கிறது. புதிதாக ஒன்றும் கேட்கவில்லை. முத்திரைக்காக ஏற்கெனவே ஒத்துக்கொண்டதைச் செய்யுங்கள் என்கிறேன்.

இன்னொன்று. இந்தப் பரிசோதனை வேண்டுமா என்று அப்பாவிடம் யாரும் கேட்கவில்லை. அமெரிக்காவின் நோய்த்தடுப்புப் பணிக்குழு 2018-ல் சொன்னது இது: 55 முதல் 69 வயதுவரை மருத்துவரோடு பேசி, லாப நஷ்டம் தெரிந்து, அவரவர் முடிவு செய்யட்டும், 70-க்கு மேல் அறிகுறி எதுவும் இல்லாதவர்களுக்கு வழக்கமான சோதனையாக இதைச் செய்ய வேண்டாம். ஐரோப்பிய நாடுகளில் நடந்த பெரிய ஆய்வின் 13 ஆண்டுக் கணக்கில், புராஸ்டேட் புற்றுநோயால் வரும் ஒரு சாவைத் தடுக்க 781 பேரைப் பரிசோதனைக்கு அழைக்க வேண்டியிருந்தது, கூடுதலாக 27 பேருக்குப் புற்றுநோய் என்று சொல்ல வேண்டியிருந்தது. அந்த 27 பேரில் பலருக்கு அந்தக் கட்டி ஆயுசு முழுக்க எந்தத் தொந்தரவும் தந்திருக்காது. அதற்காகப் பரிசோதனையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அப்பாவுக்கோ அண்ணனுக்கோ இந்த நோய் வந்திருந்தால் ஒருவர் சீக்கிரமே எடுத்துக்கொள்வதுதான் புத்திசாலித்தனம். ஆனால் அது அவர் யோசித்து எடுக்கிற முடிவாக இருக்க வேண்டும். ரெண்டு பேக்கேஜ் வாங்கினால் ஒரு இசிஜி இலவசம் என்கிற சலுகையோடு ஒட்டிக்கொண்டு வரக் கூடாது.

ஆடித் தள்ளுபடி, தந்தையர் தினத் தள்ளுபடி, ‘அப்பாவுக்கு ஆரோக்கியத்தைப் பரிசளியுங்கள்’. போன வருஷம் 64 பரிசோதனை, இந்த வருஷம் அதே விலைக்கு 87. அடுத்த வருஷம் நூறாகிவிடும், சந்தேகமில்லை. ஒரு குப்பி ரத்தத்தில் இத்தனையைக் கண்டுபிடிக்க முடிகிற உங்களால், ஒரு தாளில் நாலு வரி அச்சடிக்க முடியவில்லை. ஸ்டிக்கர் ஒட்டிய பழரசமும் பிஸ்கட் பொட்டலமும் கொடுத்து அனுப்பினீர்கள், அதை மறக்கவில்லை. பிஸ்கட் நன்றாகத்தான் இருந்தது என்றார் அப்பா.

மன்னிக்கவும், கொஞ்சம் வார்த்தை மீறிவிட்டது. ரத்தம் எடுத்த பெண் மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. வலிக்காமல் எடுத்தாளாம், அப்பாவே சொன்னார். 22 வயசுப் பெண் 71 வயசுக்காரரிடம் தாம்பத்தியத்தைப் பற்றிக் கேட்பது நம் ஊரில் நடக்காது என்பதும் தெரியும். அதனால்தான் தாள் கேட்கிறேன். தாளுக்குக் கூச்சம் இல்லை. வீட்டிலேயே படித்து, ‘ஆம்’, ‘இல்லை’ என்று டிக் போட்டு, மடித்துக் கொண்டுவந்து கொடுத்துவிடுவார்கள். ‘ஆம்’ என்று ஒன்று இருந்தால் தேதியைத் தள்ளிப்போடுங்கள். மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால் தள்ளிப்போட வேண்டாம், மாத்திரையை நிறுத்தவும் சொல்ல வேண்டாம். ரிப்போர்ட்டில் அந்த மாத்திரையின் பெயரைக் குறித்துவிடுங்கள், போதும்.

முடிந்தால் இன்னும் ஒரு உதவி. பி.எஸ்.ஏ. கூடி வந்தால் அந்த வரிக்குக் கீழே, ‘இது மட்டுமே புற்றுநோய் என்பதற்கு அடையாளமல்ல, மருத்துவரைப் பாருங்கள்’ என்று தமிழில் ஒரு வரி போடுங்கள். அதைச் சனிக்கிழமை ராத்திரி ஒன்பதே முக்காலுக்கு அனுப்பாமல், போனில் பேச ஆள் இருக்கும் நேரத்தில் அனுப்புங்கள்.

அரசின் புற்றுநோய்ப் பரிசோதனைத் திட்டம் வாய், மார்பகம், கருப்பை வாய் ஆகிய மூன்றோடு நிற்கிறது. புராஸ்டேட் அதில் இல்லை. எங்களைப் போன்ற குடும்பங்களுக்கு இந்தப் பரிசோதனை உங்கள் வழியாகத்தான் வருகிறது. அதனால்தான் உங்களிடம் கேட்கிறேன். மாவட்ட சுகாதாரப் பணிகள் இணை இயக்குநருக்கும் இதன் நகல் ஒன்றை அனுப்பியிருக்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஒரு வருஷம் கழித்து இன்னொரு தடவை எடுத்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறார் டாக்டர். ஒவ்வொரு லேபிலும் அளக்கும் முறை வேறுபடும், ஒரே இடத்தில் எடுத்தால்தான் ஒப்பிட முடியும் என்கிறார். வீட்டுக்குப் பக்கத்தில் இருப்பது நீங்கள்தான். ஆகவே பங்குனியில் உங்களிடமேதான் வந்தோம், அடுத்ததற்கும் உங்களிடமேதான் வருவோம். அதற்குள் அந்தத் தாளைத் தயார் செய்து வைத்திருக்கும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். எழுத்து கொஞ்சம் பெரிதாக இருக்கட்டும். அப்பா கண்ணாடியை அடிக்கடி வீட்டிலேயே மறந்துவிட்டு வந்துவிடுவார்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர் ஒருவரின் மகன்