திங்கட்கிழமை போன்

ஃப்ரிஸ்கோ, டெக்சஸ்
2025 ஜூலை

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுகிறேன். ஃப்ரிஸ்கோவில் நாங்கள் நலம். அப்பாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. அக்கா குழந்தையோடு வந்து ஒரு வாரம் இருந்துவிட்டுப் போனாள். வாட்ஸ்அப்பில் நான் எதை அனுப்பினாலும் உன்னிடமிருந்து ஒரு கட்டைவிரல்தான் திரும்பி வருகிறது. அதனால் இதைக் காகிதத்தில் எழுதிப் பருப்புப் பொடிப் பார்சலுக்குள் வைக்கிறேன். தமிழ்ப் பள்ளியில் படித்ததை வைத்து மெதுவாக வாசி. என் கையெழுத்து புரியாத இடத்தில் அக்காவைக் கேட்காதே, எனக்கே போன் பண்ணு.

திங்கட்கிழமை உங்களுக்கு லீவு. செவ்வாயில் தொடங்கி ஞாயிறு வரை ஒரே டீமோடு ஆறு பேஸ்பால் ஆட்டம், அப்புறம் பஸ், துணி துவைப்பது, தூக்கம். இதெல்லாம் நீ சொல்லித்தான் எனக்குத் தெரியும், அதுவும் திங்கட்கிழமை போனில். கொஞ்ச நாளாக அந்தப் போன் இல்லை. பரவாயில்லை, பஸ்ஸில் தூங்கியிருப்பாய். நீ ஆடுகிற மிட்வெஸ்ட் லீக்கில் ஊருக்கும் ஊருக்கும் நடுவே சோளக்காடுதான், சிக்னலே கிடைக்காது என்று நீயே சொல்லியிருக்கிறாய். ஏரியில் மீன் பிடித்த படம் போடுவதற்கு மட்டும் கிடைத்திருக்கிறது போல. அக்கா காட்டினாள். நல்ல பெரிய மீன்.

வேளைக்குச் சாப்பிடுகிறாயா? ஆட்டம் முடிந்து ராத்திரி பதினொன்றுக்கு பர்கர் தின்றுவிட்டுப் படுத்தால் உடம்பு எப்படித் தேறும்? சோறு வடித்து, இந்தப் பொடியும் நெய்யும் போட்டுப் பிசைந்து சாப்பிடு. தூங்கு. டீமில் உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்கிற ட்ரெய்னர் சொல்கிறபடி கேள். முதலில் ட்ரெய்னரிடம் பேசினால்தானே அவர் ஏதாவது சொல்ல முடியும்.

யார் யார் ஆடினார்கள் என்று போடுகிற பாக்ஸ் ஸ்கோரை நான் ராத்திரி பார்க்காமல் படுப்பதில்லை என்று உனக்குத் தெரியும். வாரத்துக்கு ஒருமுறை பந்து வீச உன் முறை வரும். ஒரு வாரம் வரவில்லை, மழை என்று நினைத்தேன். அடுத்த வாரமும் வேறு யாரோ பையன் பேர் இருந்தது. காயப்பட்டவர்கள் பட்டியலைத் தேடிப் பார்த்தேன், அதிலும் நீ இல்லை. டெவலப்மென்ட் லிஸ்டில் போட்டிருக்கிறார்கள், இளம் பிட்சர்களின் கைக்கு ஓய்வு கொடுக்க எல்லா கிளப்பும் செய்வதுதான் என்று அப்பா சொல்கிறார். சரி, அப்படித்தான் இருக்கும்.

உன் பேர் வந்த கடைசி ஆட்டத்தை நேரலையில் பார்த்தேன். முதல் இன்னிங்ஸில் ஃபாஸ்ட்பால் 94 மைல். மூன்றாவதில் 91. நாலாவதில் 90. வேகத்தைக் குறைத்து பேட்டரைக் குழப்புகிறார் என்று வர்ணனை செய்தவர் பாராட்டினார். எட்டு வயதிலிருந்து நீ வேகத்தைக் குறைத்து நான் பார்த்ததில்லை. வீட்டு கராஜ் கதவில் இன்னும் அந்தக் குழிகள் இருக்கின்றன, கதவை மாற்ற அப்பாவை நான்தான் விடவில்லை.

கிளப்புகள் முறை வைத்துப் புதுப் பையன்களை எடுக்கிற இந்த ஜூலை ட்ராஃப்டையும் அப்பா சோபாவில் உட்கார்ந்து கடைசி வரை பார்த்தார். வாஷிங்டன் முதல் ஆளாக எடுத்தது ஈலை வில்லிட்ஸ் என்ற 17 வயதுப் பையனை. அவன் அப்பாவே எல்லாவற்றுக்கும் மேலே இருக்கிற மேஜர் லீக்கில் ஆடியவராம். உன் அப்பா டேட்டாபேஸ் பார்க்கிறவர், நீயாக வளர்ந்து வந்தாய், அதில் எனக்குப் பெருமைதான். ஆனால் ட்ராஃப்ட் முடிந்ததும் எனக்கு வேறு கணக்கு ஓடுகிறது. 30 கிளப், 20 ரவுண்டு, 600 பேருக்கு மேல் புதிதாக வருகிறார்கள். மேஜர் லீக்குக்குக் கீழே, இந்த நாட்டு மைனர் லீக்கில் ஒரு கிளப் 165 பேருக்கு மேல் வைத்துக்கொள்ளக் கூடாது. அப்படியென்றால் ஆகஸ்டில் யாரோ பெட்டி கட்ட வேண்டும். உன்னை நினைத்துச் சொல்லவில்லை. கணக்கைச் சொன்னேன்.

அப்பா ஒரு நாள் சாப்பிடும்போது பால் ஸ்கீன்ஸ் பேரை எடுத்தார். உன்னோடு அதே 2023 ஜூலையில் முதல் ஆளாக எடுக்கப்பட்டவர், 2024 மே மாதமே பிட்ஸ்பர்க்கில் மேஜர் லீக் ஆட்டம் ஆடிவிட்டார், நம்ம பையன் இன்னும் மைனர் லீக்கில் ஹை ஏ என்கிற படியில் இருக்கிறானே என்று. ரசத்தை வைத்துவிட்டு நன்றாகக் கேட்டேன். அவருக்குக் கொடுத்தது 92 லட்சம் டாலர். பத்தாவது ரவுண்டுக்கு அப்புறம் எடுக்கிற பையனுக்கு 1,50,000 வரை கொடுத்தால் அது கிளப்பின் ட்ராஃப்ட் கணக்கில் ஏறாது. உனக்குச் சரியாக அந்தத் தொகை வந்தது அதனால்தான். அவ்வளவு பணம் போட்ட பையனும் நீயும் ஒரே அவசரத்தில் போக முடியுமா? 2023 கோடையில், புதிதாக வந்தவர்களும் அடிபட்டவர்களும் இருக்கிற அரிசோனா முகாம், போன வருஷம் சிங்கிள் ஏ, இந்த வருஷம் ஹை ஏ. வருஷத்துக்கு ஒரு படி ஏறியிருக்கிறாய். மேலே டபுள் ஏ, டிரிபிள் ஏ என்று இரண்டு படிதான். ஆல்பர்ட் பூஹோல்ஸ் 13-ஆவது ரவுண்டு, கடைசியில் 703 ஹோம் ரன். மைக் பியாஸா 62-ஆவது ரவுண்டிலிருந்து வந்து பெரிய பேர் எடுத்தவர், அப்போதெல்லாம் அவ்வளவு ரவுண்டு இருந்ததாம். 1991-இல் முதல் ஆளாக எடுக்கப்பட்ட பிரையன் டெய்லர் தோள் போய், மேஜர் லீக்கில் ஒரு பந்துகூட வீசவில்லை. இதைச் சொல்லி முடித்ததும் அப்பா சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டார். தோள் பேச்சை எடுத்திருக்க வேண்டாம்.

அனுமார் கோவிலில் ஒரு தெலுங்கு அம்மா அர்ஜுன் நிம்மலாவைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். அவனும் 2023 ட்ராஃப்ட்தான், டொராண்டோ 20-ஆவது ஆளாக எடுத்தது, இப்போது உன்னைப் போல ஹை ஏ. "உங்க பையன் எத்தனையாவது?" என்று கேட்டார். பதினாலு என்றேன். அந்தம்மா அசந்துபோய் என் கையைப் பிடித்துக்கொண்டார். ரவுண்டு என்று நான் சொல்லவில்லை.

அங்கேயே குமார் ராக்கர் பேச்சும் வந்தது. அம்மா வழியில் ஆந்திரக் குடும்பம் என்பதால் அவர் கதை இங்கே எல்லோருக்கும் மனப்பாடம். 2021-இல் நியூயார்க் மெட்ஸ் பத்தாவது ஆளாக எடுத்தது, மருத்துவப் பரிசோதனைக்கு அப்புறம் ஒப்பந்தம் போடவில்லை. மறு வருஷம் டெக்சஸ் மூன்றாவது ஆளாக எடுத்தது. 2023 மே மாதம் முழங்கையில் அறுவை. திரும்பி வந்து இங்கே நம் ஃப்ரிஸ்கோ டீமில் வீசி, 2024 செப்டம்பரில் மேஜர் லீக்கில் நின்றார். முழங்கை என்றதும் ஏதோ முடிந்துபோன மாதிரி நினைப்பதெல்லாம் பழைய காலம். 1974-இல் டாமி ஜானுக்கு டாக்டர் ஃபிராங்க் ஜோப் முதல்முதலாக அதைச் செய்தார். முழங்கையின் உள்பக்கம் நைந்துபோன நாருக்குப் பதிலாக மணிக்கட்டுப் பக்கத்திலிருந்து ஒரு நாரை எடுத்து, எலும்பில் துளை போட்டுக் கோத்தார்கள். அதற்கு முன்னால் இது வந்தால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். அவரோ 1976-இல் திரும்பி வந்து, அதற்கு மேல் 164 ஆட்டம் ஜெயித்தார்.

ஜேக்கப் டிக்ரோமைப் பார். நம் ஆர்லிங்டனில்தான் வீசுகிறார். 2010-இல் ஒன்பதாவது ரவுண்டு. எடுத்த அதே வருஷம் அறுவை, 2011 முழுக்க ஒரு ஆட்டமும் இல்லை. மேஜர் லீக்குக்கு வரும்போது வயது 25. அந்த வருஷமே சிறந்த புதுமுகம், அப்புறம் 2018-லும் 2019-லும் சிறந்த பிட்சருக்கான சை யங் விருது. 2023-இல் இரண்டாவது தடவை அறுவை. இந்த வருஷம் 37 வயதில் ஆல்-ஸ்டார். சும்மா செய்தியாகத்தான் எழுதுகிறேன். இங்கே பேப்பரில் இதுதான் வருகிறது.

நானும் அப்பாவும் நம் ஃப்ரிஸ்கோ டீமான ரைடர்ஸ் ஆட்டத்துக்குப் போயிருந்தோம். ரைட் ஃபீல்டுக்குப் பின்னால் அந்த நீரோடையில் பிள்ளைகள் ட்யூபில் மிதந்துகொண்டு ஆட்டம் பார்க்கிறார்கள். எனக்கு அது பிடிப்பதே இல்லை. நடுவில் ஒரு பையன் உயிரைக் கொடுத்து வீசுகிறான், அந்தப் பக்கம் ஒருத்தன் தண்ணீரில் படுத்து ஐஸ்கிரீம் சாப்பிடுகிறான். அன்றைக்கு எதிரணிப் பிட்சர் உன் வயதுதான் இருப்பான். பந்தை வீசிவிட்டுக் கையைத் தொங்கவிட்டு, விரல்களை மடக்கி மடக்கி நீட்டினான். அப்புறம் கோச்சுகள் உட்கார்ந்திருக்கும் பக்கத்துக்கு முதுகைக் காட்டிக் குனிந்து, பிடிப்புக்காகக் கையில் தட்டிக்கொள்கிற ரோசின் பொடிப் பையை எடுத்தான். அடுத்த பந்து, மறுபடி ரோசின் பை. இந்த வெயிலில் எல்லோருக்கும்தான் வியர்க்கும் என்றார் அப்பா. வியர்வைக்காக எடுக்கிறவன் உள்ளங்கையைத் தட்டிக்கொண்டு எழுந்துவிடுவான். இவன் குனிந்தபடியே மற்ற கையால் முழங்கையைப் பிடித்துவிட்டுத்தான் எழுந்தான். ட்ரெய்னர் நடந்து வந்ததும் சிரித்தான். அந்தச் சிரிப்பு எனக்கு நன்றாகத் தெரியும்.

நீயும் அந்தக் கடைசி ஆட்டத்தில் ரோசின் பையை நிறைய எடுத்தாய்.

மாமா கதையை நான் ஆரம்பிக்கப் போவதில்லை. கோவில்பட்டி, ரயில்வே செலக்‌ஷன், அந்த க்ரேப் பேண்டேஜ். ஆச்சி இருந்தவரை வீட்டில் ஹாக்கி மட்டை என்ற பேச்சே எழுந்ததில்லை. மாமா இப்போதும் மாடிப்படி ஏறும்போது ஒரு காலைப் பக்கவாட்டில் வைத்துத்தான் ஏறுகிறார். உனக்கு அது தெரியும், நீதானே போன தடவை அவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனாய்.

அடுத்த வருஷம் நவம்பருக்குள் கிளப்பின் மேஜர் லீக் 40 பேர் பட்டியலில் இடம் பிடிக்க வேண்டும், அதற்கு இந்த வருஷமே டபுள் ஏ போயாக வேண்டும் என்று அக்காவிடம் சொன்னாயாம். யார் வைத்த கெடு அது? அவர்கள் சேர்க்காவிட்டால் டிசம்பரில் ரூல் ஃபைவ் ட்ராஃப்ட் இருக்கிறது, வேறு கிளப் 1,00,000 டாலர் கொடுத்து எடுத்துக்கொள்ளும். எடுத்தால் சீசன் முழுக்க மேஜர் லீக் டீமின் 26 பேரில் ஒருவனாக வைத்திருக்க வேண்டும் என்றும் விதி இருக்கிறது. பெரிய பிட்சர் யோகான் சந்தானா அப்படி வந்தவர்தானே. இதையெல்லாம் நான் படித்துத் தெரிந்துகொண்டிருக்கிறேன், நீ என்னடா என்றால் அம்மாவுக்குப் புரியாது என்று அக்காவிடம் பேசுகிறாய்.

இன்னொன்றும் படித்தேன். முன்பெல்லாம் ஹை ஏ பையனுக்கு வருஷச் சம்பளம் 11,000 டாலர்தான். 2022-இல் நீங்களெல்லாம் மேஜர் லீக் ஆட்டக்காரர்கள் சங்கத்தில் சேர்ந்த பிறகு, 2023 ஒப்பந்தத்தில் அது 27,300 ஆனது. எதற்குச் சொல்கிறேன் என்றால், நீ அங்கே தனி ஆள் இல்லை. வேலையில் உடம்புக்கு ஏதாவது வந்தால் வைத்தியச் செலவு கிளப்பினுடையது. யாரிடமும் மறைத்து, பையில் ஐஸ் கட்டி வாங்கி ரூமில் உட்கார்ந்து நீயே கட்டிக்கொள்ள வேண்டியதில்லை. ட்ரெய்னர் அறை திறந்துதானே இருக்கிறது.

படிப்பும் இருக்கிறது. ஒரு வருஷம்தான் பாக்கி. ஒப்பந்தத்தில் காலேஜ் பணம் எழுதி வாங்கியிருக்கிறோம், ஆட்டத்தை விட்டு இரண்டு வருஷத்துக்குள் சேர்ந்தால் அவர்கள் கட்டுவார்கள். விட்டுவிடு என்று சொல்லவில்லை. பனிக்காலத்தில் ஆன்லைனில் இரண்டு பேப்பர் எழுதலாமே என்றுதான். போன தடவை இதைச் சொன்னதற்குக் கோபித்துக்கொண்டாய். இப்போதும் சொல்கிறேன்.

அந்த மீன் படத்தை மறுபடி பார்த்தேன். அவ்வளவு கனமான மீனை இடது கையில் தூக்கிப் பிடித்திருக்கிறாய். வலது கை ஜாக்கெட் பைக்குள் இருக்கிறது. ஜூலை மாதம் ஜாக்கெட் எதற்கு?

அப்பாவுக்கு ராத்திரியில் சுண்டுவிரலும் பக்கத்து விரலும் மரத்துப்போகிறதாம், டாக்டரிடம் காட்டினார், ஏதோ நரம்பு முழங்கையில் அழுந்துகிறது என்றார்கள். உனக்கு அந்த மாதிரி எதுவும் இருக்காது. இருந்தால் காட்டு.

சரி, முக்கியமான விஷயம். செப்டம்பர் முதல் வாரம் உங்கள் சீசன் முடிகிறது, அதற்குள் ஒரு தடவை வந்து பார்த்துவிடலாம் என்று அப்பா சொல்கிறார். டிக்கெட் விலை நாளுக்கு நாள் ஏறுகிறது. எந்த ஊருக்குப் போடட்டும்? நீ டீமோடு இருப்பாயா, இல்லை உன்னை அரிசோனா முகாமுக்கு அனுப்புகிறார்களா? அரிசோனா என்றால் நான் ஒன்றும் கேட்க மாட்டேன். அப்பா ஆபீஸில் எத்தனை நாள் லீவு சொல்ல வேண்டும் என்று தெரிந்தால் போதும். அங்கே என்றால் நான் வேலையை எழுதிப்போட்டுவிட்டு ஒரு மாதம் தங்கிச் சமைத்துப் போடுகிறேன், குக்கர் மட்டும் இங்கிருந்து கொண்டுவரணும். இந்தத் திங்கட்கிழமைக்குள் ஊர் பேரைச் சொல்லிவிடு.

அன்புடன்,
அம்மா