ஆஸ்கார் அகாடமிக்கு: சிலை மாஸ்டருக்கு மட்டும்தானா?

அகாடமி நிர்வாகக் குழுவினருக்கு வணக்கம்.

ஸ்டண்ட் வடிவமைப்புக்கும் ஆஸ்கார் தருவோம் என்று 2025 ஏப்ரலில் அறிவித்தீர்கள். 2027இல் வெளியாகும் படங்களுக்கு, 2028இல் நடக்கும் நூறாவது விழாவில் முதல் விருது. நூறு விழா ஆகியிருக்கிறது இதற்கு! சரி, இப்போதாவது வந்ததே. விதிமுறைகளை 2027இல் சொல்கிறோம் என்றீர்களே, அதைப் பற்றித்தான் இந்த மடல். மேடை ஏறப்போவது காட்சியைத் திட்டமிட்ட மாஸ்டர் மட்டும்தானா, விழுந்து எழுந்தவர்களுக்கும் அதில் இடம் உண்டா?

டீன் ஸ்மித்தை உங்களில் சிலருக்காவது ஞாபகம் இருக்கும். டெக்சாஸ்காரர். 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் 100 மீட்டர் இறுதி ஓட்டம், முதல் நான்கு பேருக்கும் ஸ்டாப்வாட்ச் காட்டியது அதே 10.4 நொடி. ஃபோட்டோ ஃபினிஷ் படத்தைப் பார்த்து வரிசை போட்டார்கள், ஸ்மித் நான்காவது, பதக்கம் இல்லை. அதே ஒலிம்பிக்கில் 4x100 தொடர் ஓட்டத்தில் முதல் ஆளாக ஓடி, ஹாரிசன் டில்லார்ட் கையில் குச்சியைக் கொடுத்து, அணியோடு தங்கம் வாங்கினார். அப்புறம் ஹாலிவுட். ஜான் வெயின் படங்கள் உட்பட ஏகப்பட்ட கவ்பாய் படங்களில் குதிரையிலிருந்து விழுந்தார், டூப் போட்டார். மயிரிழை வித்தியாசத்தைக்கூட விடாமல் பிடித்தது ஒரு கேமரா, முகம் தெரியாமல் ஓடு என்றது இன்னொரு கேமரா.

ஓட்டக்காரருக்கு ஸ்டண்ட் சுலபம்தானே என்பவர்கள் உண்டு. டிராக்கில் கோட்டைத் தாண்டிய பிறகு வேகத்தைக் குறைக்கத் தாராளமாக இடம் இருக்கும். படப்பிடிப்பில் அந்தக் கோடே ஒரு சுவராகவோ ஓடுகிற குதிரையாகவோ இருக்கும். ஆணி வைத்த ஸ்பைக்ஸ் ஷூ கிடையாது, பூட்ஸோடு புழுதியில் ஓட வேண்டும். ஒரே ஒரு இறுதிப்போட்டிக்காக உடம்பைப் பொத்திப் பொத்தி வைத்தவர், இங்கே ஃபோகஸ் போச்சு என்று ஒரு டேக், வெளிச்சம் சரியில்லை என்று இன்னொரு டேக் என அதே வேகத்தில் திரும்பத் திரும்ப ஓட வேண்டும், தொடைத் தசை இழுத்துப் பிடித்தாலும் வேகம் குறையக் கூடாது, குறைந்தால் முந்தைய ஷாட்டோடு ஒட்டாது.

ஹாலிவுட் ஸ்டண்ட் ஜாம்பவான்கள் யாகிமா கனுட்டுக்கும் ஹால் நீதமுக்கும் கௌரவ ஆஸ்கார் கொடுத்திருக்கிறீர்கள், மறுக்கவில்லை. இந்தியாவிலும் இதே கதைதான். 64ஆவது தேசிய விருதில் முதல்முறையாகச் சண்டை அமைப்புக்கு விருது வைத்தார்கள், ‘புலிமுருகன்’ படத்துக்காக எங்கள் ஸ்டண்ட் மாஸ்டர் பீட்டர் ஹெய்ன் வாங்கினார், அவர் தகுதியில் யாருக்கும் சந்தேகம் இல்லை. ஆனால் அந்தப் படத்தில் அடி வாங்கியவர்களின் பேரை யாரிடம் போய்க் கேட்பது?

அமெரிக்கத் திரை நடிகர் சங்கம் 2008 விழாவிலிருந்து ஸ்டண்ட் குழு மொத்தத்துக்கும் விருது தருகிறதே, உங்களுக்கு மட்டும் என்ன தடை? சிலையை எல்லோருக்கும் கொடுக்கச் சொல்லவில்லை. எந்த ஷாட்டில் யார் ஓடினார், யார் விழுந்தார் என்று பரிந்துரைப் படிவத்தில் கட்டாயம் எழுதச் சொல்லுங்கள், அந்தப் பெயர்களை மேடையில் வாசியுங்கள். டூப் போட்டது தெரிந்தால் ஹீரோவின் மவுசு குறையும் என்று சில தயாரிப்பாளர்கள் முறைப்பார்கள். முறைக்கட்டும்.