27-ஆம் எண் நாற்காலி

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுவது. இங்கு அம்மாவும் நானும் நலம். ஆடிப்பெருக்குக்கு அக்கா வருவதாகச் சொல்லியிருக்கிறாள். மற்ற செய்திகளை அம்மா போனில் சொல்லுவாள். நான் எழுத உட்கார்ந்தது, உன் கம்பெனி உனக்காக வாடகை கட்டிக்கொண்டிருக்கும் அந்த நாற்காலியைப் பற்றி.

சென்ற மாதம் உன் அறைக்கு வந்திருந்தபோது, கேஸ் சிலிண்டர் ரசீதில் கையெழுத்துப் போடுவதற்காகப் பேனா தேடி உன் மேசை டிராயரைத் திறந்தேன். பல கம்பெனி ஆட்களும் இருக்கையை வாடகைக்கு எடுத்து வேலை பார்க்கும் அந்தப் பெருங்குடி கோ-ஒர்க்கிங் அலுவலகத்தின் புது நுழைவு அட்டை, கூரியரில் வந்த உறைக்குள்ளேயே கிடந்தது. அட்டையின் மேல் ஒட்டியிருந்த மெல்லிய பிளாஸ்டிக் தாள்கூட உரிக்கப்படவில்லை. உன் பெயர், உன் புகைப்படம், அதற்குக் கீழே இருக்கை எண் 27. கழுத்தில் மாட்டும் நாடா, மடிப்புக் கலையாமல் ரப்பர் வளையத்துக்குள் இருந்தது. எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டேன். அன்று உன்னிடம் எதுவும் கேட்கவில்லை.

உறையோடு இருந்த தாளையும் படித்தேன். 31 ஆண்டுகள் சார்நிலைக் கருவூலத்தில் பில் பார்த்தவனுக்கு அந்தப் பழக்கம் விடவில்லை. மாதம் 8,500 ரூபாய் வாடகை, அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 1,530 ரூபாய், ஆக 10,030 ரூபாய். ஏப்ரல், மே, ஜூன் என்று மூன்று மாதத்துக்கு 30,090 ரூபாய். கம்பெனி தன் பெயரிலேயே பில் வாங்கி நேராகச் செலுத்துவதால் அது உன் சம்பளத்தில் சேராது, வரியும் பிடிக்கமாட்டார்கள். அதேபோல், நீ போகாமல் இருந்தால் அந்தப் பணம் உன் கைக்கும் வராது. மார்ச் 31-க்குள் செலவாகாத ஒதுக்கீடு காலாவதியாகிப் போவதை ஆண்டுதோறும் பார்த்தவன் நான். அட்டையை வாசலில் வைத்தால்தான் வருகை பதிவாகும் என்று நீயே முன்பு சொல்லியிருக்கிறாய். யாரும் வராத இருக்கைக்கு எத்தனை மாதம் கட்டுவார்கள்? ஒருநாள் கணக்கெடுத்து நிறுத்திவிட்டால், மீண்டும் கேட்டு வாங்குவது கடினம். ஆகையால் தயவுசெய்து போய் உட்கார்.

அந்த வசதி எப்படி வந்தது என்பதை நினைத்துப் பார். கொரோனாவுக்குப் பிறகு ஓஎம்ஆரில் இருந்த அலுவலகத்தைக் காலி செய்து, எல்லோரும் வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம் என்றார்கள். முன்பணம், ஜெனரேட்டர், காவலாள், துப்புரவு என்று ஒரு கட்டடத்தைக் கட்டி மேய்ப்பதைவிட, ஆளுக்கொரு இருக்கைக்கு வாடகை கொடுப்பது அவர்களுக்கு லாபம் என்பது என் கணக்குக்கும் தெரிகிறது. ஆனால் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்து, உன் தெருவில் நான்கு நாள் மின்சாரம் இல்லாமல், போனும் எடுக்காமல், நீ இருட்டில் உட்கார்ந்திருந்த பிறகுதானே அவர்கள் இதற்கு ஒப்புக்கொண்டார்கள்? நான் வேலை பார்த்த இடத்தில் நாற்காலியின் பிரம்பு அறுந்தால், பின்னுவதற்கு அனுமதி வர மாதக்கணக்காகும். என் மகன் எந்த ஊரில் இருந்தாலும் அந்த ஊரிலேயே அவனுக்கு நாற்காலி போட்டுக் கொடுக்கிறார்கள் என்று பென்ஷன்தாரர் சங்கத்தில் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன் தெரியுமா?

போன வருடம் நீ தினமும் போய்வந்தாய். ஜெர்மனி கம்பெனிக்கு வேலை பார்க்கும் நாகர்கோவில் பையனோடு மதியச் சாப்பாட்டைப் பகிர்ந்துகொள்வதாகச் சொன்னாய். உன் கம்பெனி ஆள் ஒருவரும் இல்லாத இடத்தில் உனக்கு என்ன வேலை என்று நான் கேட்டதற்கு, "நாலு பேர் நடமாடுற சத்தம் போதும்ப்பா" என்றாய். அந்தப் பதில் எனக்கு அப்போது விளங்கவில்லை. சென்ற மாதம் விளங்கியது. ஜன்னலுக்குப் போர்வை கட்டி, காலை பத்தரை மணிக்கும் டியூப்லைட் எரிய, கட்டிலிலேயே லேப்டாப், கட்டிலிலேயே மீட்டிங், கட்டிலிலேயே பொட்டலச் சாப்பாடு. நான் இருந்த மூன்று நாளில் நீ தெருவில் இறங்கியது, என்னைக் கிளாம்பாக்கத்தில் பஸ் ஏற்றிவிட மட்டும்தான். ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டாலும் மீட்டிங்கில் இருப்பதாகச் சொல்கிறாய். அம்மா நம்புகிறாள். பட்டுக்கோட்டையிலிருந்து மாசியில் வந்த பதிலைப் பற்றி நான் எதுவும் எழுதப்போவதில்லை. நாற்காலிக்குப் போ என்று மட்டும் சொல்கிறேன்.

இத்தனை எழுதும் எனக்கு, இதைச் சொல்லும் தகுதி இருக்கிறதா என்று இரண்டு நாளாக யோசித்தேன். பொங்கலுக்கு வந்தபோது நீ என்னிடம் ஒன்று கேட்டாய். 2024 செப்டம்பரில் தஞ்சாவூரிலேயே டைடல் பூங்கா திறந்துவிட்டார்கள், மெடிக்கல் காலேஜ் சாலைப் பக்கம் மாத வாடகைக்கு இருக்கை கிடைக்கிறது, கம்பெனி அதற்கும் கட்டச் சம்மதித்துவிட்டது, ஒரத்தநாட்டிலிருந்தே தினமும் போய்வரட்டுமா என்றாய். பெரியப்பா பக்கத்தில் இருக்க, ஆண்பிள்ளை மூட்டை கட்டிக்கொண்டு ஊருக்கு வந்தால் வேலை போய்விட்டது என்றுதான் பேசுவார்கள், சென்னை முகவரி இருந்தால்தான் பெண் வீட்டாரும் மதிப்பார்கள் என்று சொல்லி, உன் வாயை அடைத்தேன். நீ மறுபேச்சுப் பேசவில்லை. மறுநாள் காலையிலேயே பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாய். ஊரில் என் மரியாதை குறையும் என்று பயந்து, வீட்டுக்கு வருகிறேன் என்று கேட்ட பிள்ளையை அந்த அறைக்குத் திருப்பி அனுப்பினேன். அது என் தவறு. அம்மாவிடம்கூட இதை நான் இன்னும் சொல்லவில்லை.

அந்தச் சம்மதம் இப்போதும் இருக்கிறதா என்று கம்பெனிக்கு எழுதிக் கேள். மாடி அறையில் அடுக்கியிருந்த நெல் மூட்டைகளை நேற்று ஆள் வைத்துக் கீழே இறக்கிவிட்டேன். உன் மேசையைத் துடைத்து ஜன்னலோரம் போட்டிருக்கிறேன். யார் கேட்டாலும் பதில் சொல்ல நான் இருக்கிறேன்.

மாற்றல் கிடைக்கும் வரை பெருங்குடிக்குப் போய்வா. ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வந்தாலும் சரி. அட்டையை வாசலில் வைத்ததும் உன் போனுக்கு ஒரு மெசேஜ் வரும் என்று சொன்னாய் அல்லவா? அதை அப்படியே எனக்கு அனுப்பிவிடு. கூட எதுவும் எழுத வேண்டாம்.

அன்புடன்,
அப்பா