சொம்பு வருகிறது, செம்பு வராது

பாப்பாவுக்கு,

அப்பத்தாவின் செம்பை அனுப்பச் சொல்லி நீ போனில் கேட்டதற்குப் பாதிதான் பதில் சொன்னேன், அதற்குள் உனக்கு மீட்டிங் வந்துவிட்டது. மீதியை எழுதி இந்தப் பார்சலிலேயே வைத்திருக்கிறேன். சொம்பை எடுத்துவிட்டுத் தாளைத் தூக்கிப் போட்டுவிடாதே.

ஹைதராபாத்தில் உன் எதிர்வீட்டு அம்மா 'ராகி செம்பு' என்றதும், கேப்பைக் கூழ் குடிக்கிற சொம்பு என்று நீ நினைத்துக்கொண்ட கதையை உன் அம்மா தெருவுக்கே சொல்லிவிட்டாள். உன்மேல் தப்பில்லை. நமக்கு ராகி என்றால் கேப்பைதான். தெலுங்கில் தாமிரத்துக்கும் ராகி என்றுதான் பெயர். அவர்களுக்குச் செம்பு என்பது பாத்திரம் மட்டும். நமக்கு உலோகமும் செம்பு, அதில் தட்டிச் செய்த பாத்திரமும் செம்பு. செக்கச்செவேல் என்று இருப்பதால் வந்த பெயர்; செம்மண்ணிலும் செம்பருத்தியிலும் இருக்கிற அதே 'செம்'. மலையாளத்துக்காரர்களுக்கும் உலோகம் செம்புதான், ஆனால் பாத்திரத்தில் செம்பு என்றால் பிரியாணி போடுகிற பெரிய அண்டா. நம் வீட்டில் ஒருத்தர் தாகத்துக்குத் தண்ணீர் தருவது, அங்கே போய்க் கல்யாண வீட்டுக்கே சோறு ஆக்குகிறது.

செம்பைச் சொம்பாக்கியது நம் வாய்தான், பெட்டியைப் பொட்டி ஆக்கிய அதே வாய். இன்னொன்றும் உண்டு. இரும்பு என்பது பாதையோடு சேரும்போது இருப்புப்பாதை ஆகிறதில்லையா, அதேபோலச் செம்பு குடத்தோடு சேர்ந்தால் செப்புக்குடம். பாண்டியர்களின் வேள்விக்குடிச் செப்பேடு, சின்னமனூர்ச் செப்பேடு எல்லாம் இந்தச் செப்புதான். நீ சின்ன வயதில் திண்ணையில் பரப்பி வைத்து, மண்ணைச் சோறாக்கி எனக்குப் பரிமாறிய சொப்புச் சாமானும் இதுவே. ராஜா சாசனம் வெட்டிய சொல்லும் நீ மண்சோறு ஆக்கிய சொல்லும் ஒன்று. பள்ளிக்கூடத்தில் இதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை, சொல்லியிருந்தால் இலக்கண வகுப்பில் தூங்கியிருக்க மாட்டேன்.

சரி, பார்சலில் வருவது அம்மா கல்யாணச் சீராகக் கொண்டுவந்த எவர்சில்வர் சொம்பு. அதில் இருப்பது இரும்பும் குரோமியமும். செம்பு பெயரில் மட்டும்தான். ஆனாலும் யாரும் அதை வேறு பெயரில் கூப்பிடவில்லை. பிளாஸ்டிக்கில் வந்தபோதும் சொம்புதான். வயிற்றுப் பக்கம் ஓர் ஒடுக்கு இருக்கும், நீ மாடிப்படியில் உருட்டிவிட்டது. தட்டி எடுத்துவிடலாம் என்றேன், அம்மா விடவில்லை. கழுத்தை விரலால் வளைத்துப் பிடித்துத் தூக்கிப் பார், நிறையத் தண்ணீர் இருந்தாலும் தளும்பாது. விரிந்த வாய் இருப்பதால் அண்ணாந்து குடிக்கும்போது தண்ணீர் ஒரே நூலாக விழும். உன் பாட்டிலில் அது வராது.

அப்பத்தாவின் செம்பைத்தான் நீ கேட்டாய். மணிபிளான்ட் வைத்தால் அழகாக இருக்கும் என்றாய். கேட்டபோது எனக்குக் கொஞ்சம் கோபம் வந்தது, மறைக்கவில்லை. அதன் கழுத்தில் அப்பத்தா பெயரைப் புள்ளி புள்ளியாக வெட்டியிருப்பதைப் பார்த்திருப்பாய். கடைசி எழுத்துக்கு இடம் போதாமல், வெட்டியவர் அதைச் சின்னதாக்கி மேலே ஏற்றிவிட்டார். புளி போட்டுத் தேய்த்துத் தேய்த்து முதல் இரண்டு எழுத்து மழுங்கிவிட்டது, ஏறி நிற்கிற அந்த எழுத்து மட்டும் இன்னமும் பளிச்சென்று தெரிகிறது.

அந்தக் காலத்தில் அதில் மோர்கூட ஊற்றி வைப்போம், உள்ளே ஈயம், அதாவது வெள்ளீயம், பூசியிருந்ததால். ஈயம் தேய்ந்துவிட்டால் புளிப்பு பட்டுக் களிம்பு ஏறும், மோர் கசந்துவிடும். ஈயம் பூசுகிறவர் நம் செல்லூர்த் தெருவுக்கு வந்தால் பள்ளிக்கூடம் போகாமல் பார்த்துக்கொண்டிருப்பேன். தரையில் சின்னக் குழி, கரி, துருத்தி. செம்பைக் குறடால் பிடித்துச் சுடவைத்து, நவச்சாரம் என்கிற உப்பைத் தூவுவார். குப்பென்று வெள்ளைப் புகை, மூக்கில் காரம் ஏறும். அப்புறம் ஈயத்தை ஒரு தொடு, பஞ்சால் ஒரே சுழற்று, அவ்வளவுதான். கருத்துக் கிடந்த வயிறு கண்ணாடி ஆகிவிடும். உடனே தண்ணீரில் முக்குவார். 'சுர்ர்' என்கிற அந்தச் சத்தத்துக்காகத்தான் நாங்கள் காத்துக் கிடப்போம். இப்போது அப்படி யாரும் வருவதில்லை. மோரெல்லாம் எவர்சில்வருக்குப் போய்விட்டது.

ஆனால் செம்புக்கு வருசத்தில் ஒரு நாள் வேலை இருக்கிறது. சித்திரையில் அழகர் ஆற்றில் இறங்குகிற அன்றைக்கு அதில்தான் நாட்டுச் சர்க்கரை நிரப்பி, வாழை இலையால் வாயை மூடிக் கட்டி, மேலே சூடம் ஏற்றி ஆழ்வார்புரத்துக்கு எடுத்துப்போவோம். கூட்டத்தில் நசுங்கி நிற்கும்போது சூடத்தின் சூடு இலை வழியாக இறங்கிக் கைக்கு வரும். அப்பத்தா கையில் இருந்தது, பிறகு அம்மா கைக்கு வந்தது. போன வருசம் அம்மாவுக்கு முழங்கால் வலி, நான்தான் தூக்கினேன். ஆம்பளை சர்க்கரைச் செம்பு தூக்குகிறதைப் பார்த்துப் பக்கத்தில் ஒரு கிழவி சிரித்தது.

அதனால் அதை ஹைதராபாத்துக்கு அனுப்ப முடியாது. மணிபிளான்டுக்கு ஒரு ஜாடி வாங்கிக்கொள். சித்திரைக்கு லீவு கிடைக்குமா என்று இப்போதே கேட்டு வை.

எவர்சில்வர் சொம்புக்குள் பருப்புப்பொடி வைத்து, வாயில் துணி கட்டியிருக்கிறேன். முடிச்சை அறுக்காதே, அவிழ்த்து எடு. அந்தத் துணி அம்மாவுக்குத் திரும்ப வேண்டுமாம். எதிர்வீட்டு அம்மாவுக்குக் கொஞ்சம் பொடி கொடு, அவர்கள் பொடி எப்படி என்று கேட்டு எழுது.

அப்பா