வடசென்னைப் பழைய நாணய வியாபாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

பாரிமுனை, தங்கசாலை, வண்ணாரப்பேட்டைப் பக்கம் பழைய காசு விற்கும் அண்ணன்மார்களுக்கும் அக்காமார்களுக்கும் வணக்கம்.

உங்களிடம் வாங்கிச் சேர்ப்பவர்கள் நாங்கள். எங்கள் கோரிக்கை இதுதான்: விலைச்சீட்டில் ஆண்டோடு எடை, உலோகம், தேய்மானம் மூன்றையும் எழுதுங்கள். ஆண்டை மட்டும் காட்டிச் சொல்லும் விலை நியாயமா இல்லையா என்று யாராலும் கணக்குப் போட முடியாது. பழசு என்பதற்காகவே ஒரு காசு விலை போவதில்லை. ஒரு பக்கம் நிற்கும் உருவம், மறுபக்கம் அமர்ந்த உருவம், நாகரி எழுத்தில் ராஜராஜன் பெயர் கொண்ட செப்புக்காசுக்கு ஆயிரம் வயது. ஆனால் ஏராளமாகக் கிடைக்கிறது. 1939 வெள்ளி ரூபாய்க்கு நூறு வயதுகூட ஆகவில்லை. அது லேசில் கிடைக்காது.

வெள்ளி ரூபாயில்தான் ஏமாற்றமும் அதிகம், கணக்கும் சுலபம். 1835 முதல் 1939 வரை அடித்த ரூபாய் 11.66 கிராம், அதில் 91.7 சதவீதம், அதாவது 10.69 கிராம் சுத்த வெள்ளி. சவுகார்பேட்டையில் அன்றைய கிராம் விலையை இதனால் பெருக்கினால் அடிவிலை வந்துவிடும். கிராம் 100 ரூபாய் என்று வைத்தால் 1,069. அதற்கு மேல் கேட்கும் ஒவ்வொரு ரூபாய்க்கும் நீங்கள் காரணம் சொல்ல வேண்டும். 1940 முதல் 1945 வரையிலான ரூபாயிலும் 1939இல் உள்ள அதே ஆறாம் ஜார்ஜ் மன்னர், அதே எடை. ஆனால் வெள்ளி பாதிதான், 5.83 கிராம். இரண்டையும் ஒரே தட்டில் ஒரே விலைக்கு வைப்பது தப்பு. 1947 புலி ரூபாயில் வெள்ளியே கிடையாது. அது முழு நிக்கல், காந்தத்தில் ஒட்டும்.

1939க்கு நல்ல விலை என்பதால் 1938இன் கடைசி எட்டைச் சுரண்டி ஒன்பதாக்குகிறார்கள். பத்து மடங்கு லென்சில் அந்த இலக்கத்தைச் சுற்றிக் கீறலும் நிற மாற்றமும் தெரியும். வார்ப்புப் போலியில் பரப்பெல்லாம் ஊசிக்குழிகள், விளிம்பில் ஒட்டுக்கோடு, மழுங்கிய எழுத்து. பாதி வெள்ளியைப் பிடிக்க 0.01 கிராம் தராசு வேண்டும். தண்ணீர்க் கிண்ணத்தைத் தராசில் வைத்துப் பூஜ்யமாக்கி, நூலில் கட்டிய காசை அடியில் தொடாமல் முழுக்க முக்குங்கள். முழு வெள்ளி ரூபாய் என்றால் தராசு 1.13 காட்டும், பாதி வெள்ளி என்றால் 1.22 பக்கம் போகும். காசில் காற்றுக்குமிழி ஒட்டியிருந்தால் எண் ஏறி, நல்ல காசும் போலிபோலத் தோன்றும். முதலில் சோப்புத் தண்ணீரில் நனைத்துக்கொண்டால் இந்தத் தொல்லை இல்லை.

1911 ஐந்தாம் ஜார்ஜ் ரூபாயைப் ‘பன்றி ரூபாய்’ என்று பெரிய விலை சொல்கிறீர்கள். மன்னரின் அங்கியில் உள்ள யானை பன்றிபோல இருக்கிறது என்று எதிர்ப்பு கிளம்பி, அடித்ததில் பெரும்பகுதி உருக்கப்பட்டது உண்மை. ஆனாலும் சுமார் 7 லட்சம் புழக்கத்துக்குப் போனது. ஆகவே தேய்ந்த ஒன்றுக்கும் எழுத்துக் கலையாத ஒன்றுக்கும் ஒரே விலை இருக்க முடியாது. சென்னை மாகாணத்துக்காக இங்கிலாந்தில் அடித்த 1808 பத்துக் காசு, இருபது காசு விஷயமும் இப்படித்தான். அவற்றை ஏற்றிவந்த ‘அட்மிரல் கார்ட்னர்’ கப்பல் 1809இல் மூழ்கியது. 1980களில் அதிலிருந்து பெருமளவு எடுத்துவிட்டார்கள், ஆகவே அவையும் அரிதல்ல.

1818 என்று போட்டு ராமர் பட்டாபிஷேகமும் அனுமனும் பொறித்த ‘கம்பெனி அரையணா’வைத் தயவுசெய்து எடுத்துவிடுங்கள். அது பிற்காலத்தில் செய்தது. அந்த வில்லையை நாணயம் என்று விற்பதே தவறு. மாகாணங்களுக்கெல்லாம் ஒரே நாணயம் வந்ததே 1835இல். சென்னையின் பழைய வராகன் என்ற பொற்காசில் சாமி உருவம் உண்டு, அது வேறு வகை. வைஷ்ணோ தேவி உருவம் போட்ட ஐந்து ரூபாய்க் காசுக்கு லட்சங்கள் கிடைக்கும் என்று செல்போனில் சுற்றும் பேச்சை வைத்து விலை சொல்வதும் வேண்டாம். இத்தகைய மோசடிகள் குறித்து ரிசர்வ் வங்கியே 2021இல் எச்சரித்திருக்கிறது.

புளி, எலுமிச்சை, பீதாம்பரி, விபூதி எதுவும் போட்டுத் தேய்க்காதீர்கள். பளபளப்பு வரும், ஆனால் காலம் ஏற்றிய படலமும் நுண்கோடுகளும் போய்விடும். தெரிந்தவர் பார்த்த உடனே விலையைக் குறைப்பார். இது எங்களுக்கு உண்மையிலேயே வயிற்றெரிச்சல்.

விலை வைக்கும்போது, இணையத்தில் யாரோ கேட்கும் விலையைப் பார்க்காதீர்கள். ஏலத்தில் விற்று முடிந்த விலையைப் பாருங்கள், அதிலும் அதே தேய்மானத்தில் உள்ளதை. ஏலக் கமிஷனும் வரியும் அதில் சேர்ந்திருக்கிறதா என்பதையும் கவனியுங்கள்.

நூறு வருடம் தாண்டிய நாணயம் 1972 சட்டப்படி தொல்பொருள். வெளிநாட்டுக்கு அனுப்ப விரும்புகிறவருக்கு அதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பில்லில் எடை, உலோகத்தோடு ‘போலி என்று தெரிந்தால் பணம் திரும்பத் தரப்படும்’ என்று ஒரு வரி சேருங்கள். தராசும் லென்சும் நாங்களே கொண்டுவருகிறோம். உங்கள் எதிரிலேயே எடை போட விடுங்கள்.

இப்படிக்கு,
வடசென்னை நாணயச் சேகரிப்பாளர்கள் சிலர்