கல்வி மானியம் இருவழியாக அமையட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இந்திய - இலங்கை உறவு என்றாலே மீனவர் கைது, துறைமுகம், கடனுதவி என்ற அளவில் நம் பேச்சு நின்றுவிடுகிறது. இரு நாட்டு அரசுகளும் 1998 டிசம்பரில் உடன்பாடு செய்து இந்தியா - இலங்கை அறக்கட்டளை என்றோர் அமைப்பை ஏற்படுத்தியதும், கல்வி, அறிவியல், பண்பாட்டுத் துறைகளில் இரு நாட்டினரையும் இணைக்கும் திட்டங்களுக்கு மானியம் வழங்குவது அதன் பணி என்பதும் நம் கல்லூரி ஆசிரியர்களிலேயே பலருக்குத் தெரியாது.

அண்டை நாட்டினருக்குக் கல்வி உதவி அளிப்பதில் இந்தியா கைச்சிக்கனம் காட்டியதில்லை. இலங்கை மலையகத் தோட்டத் தொழிலாளர் பிள்ளைகளுக்கான கல்வி அறக்கட்டளை 1947-இலேயே உருவானது. 1964-இல் தொடங்கிய ஐடெக் எனும் இந்தியத் தொழில்நுட்ப, பொருளாதார ஒத்துழைப்புத் திட்டத்தின் வழியே இலங்கை அலுவலர்கள் இங்கு வந்து பயிற்சி பெறுகின்றனர். ஆயினும் இத்தகைய உதவிகள் பெரும்பாலும் அங்குள்ளோர் இங்கு வந்தோ, தம் நாட்டில் இருந்தோ கற்பதற்கானவை. இங்கிருந்து ஒரு மாணவி பேராதனையிலோ யாழ்ப்பாணத்திலோ ஒரு பருவம் தங்கிப் படிக்க விரும்பினால், அவருக்குக் கைகொடுக்கும் உதவித்தொகை அரிது.

ஒருவழி மானியத்தின் குறையைப் பிரிட்டன் அண்மையில் பட்டறிந்தது. ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து விலகியபோது எராஸ்மஸ் என்ற ஐரோப்பிய மாணவர் பரிமாற்றத் திட்டத்தையும் கைவிட்ட அந்நாடு, 2021-இல் கொண்டுவந்த டூரிங் திட்டத்தில் தன் மாணவர் வெளியே செல்ல மட்டுமே நிதி ஒதுக்கியது. வெளிநாட்டு மாணவர் வருவதற்கும் நிதி வேண்டும் என்று கருதிய வேல்ஸ் அரசு, மறு ஆண்டே டைத் என்ற தனித் திட்டத்தைத் தொடங்கியது. இப்போது 2027 முதல் எராஸ்மஸில் மீண்டும் சேரப் பிரிட்டன் முடிவு செய்துள்ளது. பகைமை மறக்க எண்ணிய பிரான்சும் ஜெர்மனியும் 1963-இல் நிறுவிய இளைஞர் அலுவலகத்திற்கு இரு அரசுகளும் சரிபாதி நிதி அளிப்பதையும் இங்கே நினைவுகூரலாம்.

நம் கடற்கரைக்கு இதில் நேரடி அக்கறை உண்டு. கடலடியை வலையால் வாரி இழுக்கும் இழுவைமடி மீன்பிடிப்பை இலங்கை 2017-இல் சட்டத்தின் மூலம் தடை செய்தது. அதனால் யாருக்கு இழப்பு, கடலடி வளம் எந்நிலையில் உள்ளது என்பன பற்றி இரு கரைகளிலும் வெவ்வேறு கணக்குகள் சொல்லப்படுகின்றன. நாகப்பட்டினத்தில் மீன்வளப் பல்கலைக்கழகம் இருக்கிறது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் மீன்பிடி அறிவியல் துறை இருக்கிறது. இவ்விரு நிறுவனங்களின் மாணவர்கள் கூட்டாக ஓராண்டு பாக் நீரிணையில் மாதிரிகள் சேகரித்து, இரு கரை மீனவர்களையும் சந்தித்து, ஒரே அறிக்கையை வெளியிடுவார்களானால், அமைச்சர் நிலைப் பேச்சுவார்த்தைகளுக்கு இரு தரப்பும் ஏற்கத்தக்க தரவாவது மேசையில் இருக்கும். இதற்கு ஆகும் செலவு பெரிதன்று. நாகப்பட்டினம் - காங்கேசன்துறை பயணியர் கப்பலும் 2023-க்குப் பின், இடையிடையே நின்றாலும், ஓடத்தான் செய்கிறது.

ஆகவே, மேற்சொன்ன அறக்கட்டளை தன் நிதியில் ஒரு பங்கை இரு நாட்டுக் கல்வி நிறுவனங்கள் கூட்டாக விண்ணப்பிக்கும் பணிகளுக்கென ஒதுக்கி, பயணச் செலவை இரு திசைக்கும் அனுமதிக்க வேண்டும். விண்ணப்பங்களைத் தமிழிலும் சிங்களத்திலும் ஏற்பதோடு, நிதி பெற்ற பணிகளின் அறிக்கைகளைப் பொதுமக்கள் பார்வைக்கு வைப்பதும் அவசியம். தமிழ்நாடு உயர்கல்வித் துறை தன் பங்காக, அரசுக் கல்லூரிகளுக்கு இந்த மானியம் பற்றிச் சுற்றறிக்கை அனுப்பி, விண்ணப்பம் தயாரிக்க வழிகாட்டும் அலுவலர் ஒருவரை நியமிக்கலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கல்லூரி ஆசிரியர்,
நாகப்பட்டினம்.