மனுஷன் கிடைக்கலையா என்று கேட்ட அத்தைக்கு

அன்புள்ள அத்தைக்கு,

வணக்கம். கண் ஆபரேஷன் முடிந்து இன்னும் பதினைந்து நாளுக்குப் போன் பக்கமே போகக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். அதனால் இதை உங்கள் பேத்திதான் படித்துக் காட்டுவாள். படிக்கட்டும். பத்தொன்பது வயதுப் பெண் கேட்கக் கூடாதது எதுவும் இதில் இல்லை. வீட்டுக்கு வந்து தனியாகச் சொல்லாமல் ஊரறிய எழுதுகிறேனே என்று நினைக்காதீர்கள். நீங்களும் ஊரறியத்தானே கேட்டீர்கள்.

போன மாதம் திருப்பாதிரிப்புலியூர் வளைகாப்பில் நடந்தது. பந்திக்குக் கூப்பிடும்வரை ஓரமாக உட்கார்ந்து, மனுஷப் பெண்ணுக்கும் ராட்சசனுக்கும் காதல் வருகிற நாவல் ஒன்றைப் போனில் படித்துக்கொண்டிருந்தேன். கையிலிருந்து வாங்கிப் பார்த்தீர்கள். அட்டையில் நீல உடம்பு, வளைந்த கொம்பு, தோளுக்குப் பின்னால் வால். கூடத்தில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி, "ஏண்டி, மனுஷன் கெடைக்கலையா ஒனக்கு?" என்றீர்கள். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அத்தை, உங்களுக்கு மறந்திருக்கலாம். எனக்கு மனுஷன் கிடைக்கவில்லைதான்.

சித்திரை நட்சத்திரம். கணப் பொருத்தத்தில் ராட்சச கணம், யோனிப் பொருத்தத்தில் புலி. என் இருபத்து நாலு வயசிலிருந்து முப்பத்தொண்ணு வரைக்கும் அப்பா ஜாதகத்தைத் தூக்கிக்கொண்டு அலைந்தார். பெண் ராட்சச கணம், பையன் மனுஷ கணம், வேண்டாம். எல்லா இடத்திலும் இதே வாக்கியம். ஒரு தடவை பண்ருட்டிப் பக்கம் போன ஜாதகம் தபாலில் திரும்பி வந்தது. நாலு மூலையிலும் நாம் தடவிய மஞ்சள் அப்படியே இருந்தது. மேல் ஓரத்தில் பென்சிலால் 'ரா.க.' என்று யாரோ எழுதி, அதைச் சுற்றி வட்டம் போட்டிருந்தார்கள். அந்தத் தாளை இன்னும் வைத்திருக்கிறேன். பிறந்த அன்றைக்கே என்னை ராட்சசப் பட்டியலில் சேர்த்துவிட்டு, ராட்சசக் கதை ஏன் படிக்கிறாய் என்று இப்போது கேட்டால் நான் என்ன சொல்வது?

ஆனாலும் கேட்டது நீங்கள். எனக்குப் படிக்கச் சொல்லிக் கொடுத்ததும் நீங்கள்தான். மஞ்சக்குப்பத்து வீட்டில் முன்னறை முழுக்க வாடகைப் புத்தகம் வைத்திருந்தீர்களே, அந்த அறைக்கு நான் பட்ட கடனுக்காகவே ஒழுங்காகப் பதில் சொல்ல வேண்டும். மாத நாவல் நாலைச் சேர்த்துக் காலிகோ பைண்டு போட்டு, முதுகில் வெள்ளைப் பெயிண்டில் நம்பர். எடுத்த புத்தகத்தையே மறுபடி எடுத்துவிடாமல் இருக்க ஆளுக்கொரு அடையாளம் வைத்திருப்பார்கள். எதிர்வீட்டு டீச்சரம்மா 27ஆம் பக்கத்தில் ஒரு நட்சத்திரம் போடுவார். தபால் ஆபீஸ் அக்கா கடைசிப் பக்கத்துக்கு முந்தின பக்கத்தில் ஒரு புள்ளி. நான் பள்ளிக்கூடம் விட்டு வந்து அந்த அடையாளங்களைத் தேடித் தேடிப் பார்ப்பேன். யார் யார் எதைப் படித்தார்கள் என்று எனக்குத்தான் முதலில் தெரியும்.

அந்தக் கதைகளில் வருகிற நாயகன் எப்படி இருப்பான்? உயரமாக இருப்பான், பணக்காரனாக இருப்பான், கோபக்காரனாக இருப்பான். அவளுக்கு என்ன வேண்டும் என்று அவளைவிட அவனுக்குத்தான் தெரியும். கையைப் பிடித்து இழுப்பான். அறைவான். அவள் தன் கன்னத்துக்குத் தானே ஒத்தடம் கொடுத்துக்கொண்டு அவனுக்கு டிபன் எடுத்து வைப்பாள். ஒரு புத்தகத்தில் அந்த அறை விழுகிற வரிக்குப் பக்கத்தில் யாரோ 'பாவி' என்று எழுதி வைத்திருந்தார்கள். நீங்கள் ரப்பரை எடுத்து அழித்தீர்கள். இப்படிக் கிறுக்கினால் புத்தகம் என்னத்துக்கு ஆகும் என்றீர்கள். அழித்த பிறகும் தாளில் அழுத்தம் தெரிந்தது, விரலால் தடவினால் படிக்கலாம்.

இப்போது எல்லாம் போனுக்கு வந்துவிட்டது. வந்தும் அவன் மாறவில்லை. ஆன்ட்டி ஹீரோ என்று அவனுக்குத் தனிப்பெயரே வைத்துவிட்டார்கள். கடத்திக்கொண்டு போய்த் தாலி கட்டுவான், பூட்டி வைப்பான், நாற்பதாவது அத்தியாயத்தில் அழுவான், அவள் மன்னித்துவிடுவாள். அவன் மனுஷன்தான் அத்தை. கொம்பும் இல்லை, வாலும் இல்லை.

நீங்கள் அன்றைக்குப் பார்த்த கொம்புக்காரன் கதைக்கு வருகிறேன். ரூபி டிக்சன் என்று ஒரு அமெரிக்க எழுத்தாளர். 2015இல் பதிப்பகம் எதுவும் இல்லாமல் தானே மின்நூலாகப் பகுதி பகுதியாக வெளியிட்டார். 'ஐஸ் பிளானட் பார்பேரியன்ஸ்' என்று பெயர். ஆறு வருஷம் கழித்து டிக்டாக்கில் வாசகிகள் பேசிப் பேசியே அது பரவி, 2021இல் பெரிய பதிப்பகம் ஒன்று அச்சில் கொண்டுவந்தது. விமர்சகர் யாரும் தூக்கி நிறுத்தவில்லை, படித்த பெண்கள்தான் ஒருத்திக்கு ஒருத்தி சொல்லிக் கொண்டுபோனார்கள். டீச்சரம்மாவின் நட்சத்திரத்தைப் பார்த்து அடுத்தவர் புத்தகம் எடுப்பாரே, அந்த மாதிரி. கதை இதுதான். பூமியிலிருந்து கடத்தப்பட்ட பெண்கள் ஒரு பனிக்கிரகத்தில் விழுகிறார்கள். அங்கே இருக்கிறவர்கள் ஏழடி உயரம், நீல உடம்பு, கொம்பு, வால். அவர்களுக்கு முத்தம் என்றால் என்னவென்றே தெரியாது. இந்தப் பெண்கள்தான் சொல்லித் தருகிறார்கள்.

எல்லாம் நல்லது என்று சொல்ல மாட்டேன். அந்த முதல் புத்தகத்தில் அவனும் அவளும் சந்திக்கிற இடமே எனக்கு ஆகவில்லை. அவளுக்கு நினைவு திரும்பும்போதே அவன் அவள் உடம்பைத் தொட்டுக்கொண்டிருக்கிறான். கேட்கவில்லை. எனக்கு அங்கேயே மூடிவைத்துவிடலாம் போல இருந்தது. அவனுக்கு நம் வழக்கம் தெரியாது என்று சில பேர் சமாதானம் சொல்வார்கள். தெரியாதவன்தான் அத்தை முதலில் கேட்க வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. அந்தக் கிரகத்தில் உயிரோடு இருக்க வேண்டுமென்றால் புழு மாதிரி ஒரு ஜீவனை நெஞ்சுக்குள் ஏற்றுக்கொள்ள வேண்டும். அது தனக்குப் பிடித்த ஜோடியைக் கண்டதும் உள்ளே இருந்து அதிரும். அதிர்ந்துவிட்டால் அவர்கள் இரண்டு பேரும் சேர்ந்தே ஆக வேண்டும், பிள்ளை பெற வேண்டும். விதித்த ஜோடி என்று இந்த வகை நாவலில் பாதிக்கு மேல் இப்படித்தான் ஏதாவது ஒன்று வரும். மற்ற வாசகிகள் உருகுவார்கள். எனக்கு வயிற்றைப் பிசையும். ஏழு வருஷம் பொருத்தம் பார்த்துப் பார்த்து அலுத்துப்போனவள் நான். கட்டத்துக்குப் பதில் புழு, அவ்வளவுதான். யாரோ முடிவு பண்ணிவிட்டு என்னிடம் சொல்கிறார்கள்.

அப்புறம் ஏன் விடாமல் படிக்கிறாய் என்பீர்கள். காலையும் சாயங்காலமும் கடலூர் - புதுச்சேரி பஸ்ஸில் ஒரு மணி நேரம் போகிறது. கன்னியகோவிலில் ஏறுகிற கூட்டம் தவளக்குப்பம் தாண்டும்வரை நெருக்கும். அந்த நெரிசலில் கேட்காமல் மேலே படுகிற கைகளைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நீங்களும் அதே ரூட்டில் போனவர். ஒரு கையால் பையை மார்போடு அணைத்துக்கொண்டு, இன்னொரு கையில் போனைப் பிடித்துக்கொண்டு, தன் நகம் அவளைக் கீறிவிடுமோ என்று பயந்து கையைப் பின்னால் கட்டிக்கொள்கிற ஒரு ராட்சசனைப் பற்றிப் படிப்பேன். இந்த வகையில் நல்ல எழுத்தாக அமைந்தவற்றில் இந்தக் கட்டம் எப்படியும் வந்துவிடும். இரண்டு பேருக்கும் ஒரே பாஷை இல்லை. ஒரே மாதிரி உடம்பும் இல்லை. அவள் அழுதால் அது வலியா வியாதியா என்று அவனுக்குப் புரியாது. இங்கே தொடலாமா, இது வலிக்கிறதா, இதற்கு என்ன அர்த்தம் என்று ஒவ்வொன்றையும் கேட்டுத்தான் தெரிந்துகொண்டாக வேண்டும். மனுஷ நாயகனுக்கு அந்தக் கஷ்டமே இல்லை. அவன் எல்லாம் தெரிந்தவனாகப் பிறந்துவிடுகிறான்.

ஆமாம், படுக்கையறைப் பக்கங்களும் இருக்கின்றன. அவற்றையும் நான் படிக்கிறேன். அந்தக் கேள்விகள் அங்கேயும் நிற்காமல் வருவதால் எனக்கு அவை பிடிக்கும்.

இது நேற்று முளைத்த சங்கதியும் இல்லை. அழகியும் மிருகமும் கதையை நீங்களே எனக்குச் சொல்லியிருக்கிறீர்கள். அதை வில்நெவ் என்ற பிரெஞ்சுப் பெண் நாவலாக எழுதி வெளியிட்ட வருஷம் 1740. அப்போது இங்கே புதுச்சேரியில் பிரெஞ்சு ஆட்சி, ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பு எழுத ஆரம்பித்து நாலு வருஷம் ஆகியிருந்தது. வில்நெவின் கதையில் மிருகம் ஒவ்வொரு ராத்திரியும் சாப்பாட்டுக்குப் பிறகு அவளிடம் கேட்கும், உன்னோடு படுக்கலாமா என்று. அவள் மாட்டேன் என்பாள். அது எழுந்து போய்விடும். மறுநாள் திரும்பக் கேட்கும். 1756இல் போமோன் என்ற இன்னொரு பெண் இதைச் சிறுவர்களுக்காகச் சுருக்கினபோது, என்னைக் கல்யாணம் பண்ணிக்கொள்வாயா என்று கேள்வியை மாற்றிவிட்டார். உங்கள் வாயால் நான் கேட்டது அந்தச் சுருக்கம்தான். கடைசியில் மிருகம் ராஜகுமாரனாக மாறியபோது நான் அழுதேன், ஞாபகம் இருக்கிறதா? சந்தோஷத்தில் அழுகிறேன் என்று நினைத்தீர்கள். எனக்கு அந்த மிருகம் போய்விட்டதே என்று அழுகை. முப்பது வருஷம் கழித்துப் படிக்கிற இந்த நாவல்களில் அவன் கடைசிவரை மாறுவதில்லை. கொம்போடுதான் பிள்ளைக்குச் சோறு ஊட்டுகிறான்.

நமக்கு மட்டும் இது புதிதா அத்தை? நீங்கள் அன்றைக்குச் சிரித்த ஊரின் பெயரிலேயே புலி இருக்கிறது. வண்டு மொய்க்கும் முன்னே, விடியாத இருட்டில் மரமேறிப் பூப்பறிக்க வேண்டும் என்பதற்காகப் புலியின் காலையும் நகத்தையும் வரமாகக் கேட்டு வாங்கிய முனிவர் பூசித்த ஊர். அந்த உடம்பைப் பார்த்து யாரும் முகம் சுளிப்பதில்லை, கும்பிடுகிறோம். உளுந்தூர்பேட்டைப் பக்கம் கூவாகத்தில் ஒவ்வொரு சித்திரை மாதமும் திருநங்கைகள் அரவானுக்காகத் தாலி கட்டிக்கொள்கிறார்கள், மறுநாள் அறுத்துவிட்டு மாரடித்து அழுகிறார்கள். யார் அந்த அரவான்? அர்ச்சுனனுக்கும் நாககன்னிக்கும் பிறந்தவன். மனுஷனும் பாம்பும் சேர்ந்த கதையின் பிள்ளை. களப்பலிக்கு முந்தின நாள் கல்யாணம் பண்ணிக்கொள்ள வேண்டும் என்று கேட்டான், ஒரு பெண்ணும் வரவில்லை. மோகினியாகக் கண்ணன்தான் வந்தான். அந்தக் கூத்தை விடியவிடியப் பார்த்து நீங்கள் முந்தானையால் மூக்கைச் சிந்தியதை நான் மடியில் படுத்துக்கொண்டே பார்த்திருக்கிறேன்.

ஆனால் நம் கதைகளில் வேற்று ஜாதி உடம்பு பெரும்பாலும் பெண்ணுக்கு. அவளுக்கு நடப்பதுதான் எனக்குத் தாங்கவில்லை. இடும்பி பீமனை ஆசைப்பட்டாள். சொந்த உருவத்தில் போய் நிற்க முடியவில்லை, அழகியாக மாறித்தான் நின்றாள். ஒரு பிள்ளை பிறக்கும்வரைதான் அந்த வாழ்க்கை. மணிமேகலையில் பீலிவளை என்ற நாகநாட்டு இளவரசி சோழனோடு ஒரு மாதம் இருந்துவிட்டுச் சொல்லாமல் போகிறாள். அவள் அனுப்பிய குழந்தை கப்பல் உடைந்து காணாமல் போகிறது, அந்தத் துக்கத்தில் ராஜா இந்திரவிழாவை மறக்க, பூம்புகாரையே கடல் கொண்டது என்று கதை. சூர்ப்பணகையும் அழகியாக மாறி வந்து வாய்விட்டுத்தான் கேட்டாள். கேட்டதற்குக் கிடைத்தது என்னவென்று உங்களுக்குத் தெரியும்.

வெளிநாட்டு நாவல்களிலும் எனக்குள்ள பெரிய மனக்குறை இதுதான். கொம்பும் செதிலும் முக்கால்வாசி ஆணுக்கே. எதிரில் நிற்பவள் மெல்லிசான மனுஷப் பெண். பெண் ராட்சசியைத் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கிறது. கிடைத்தாலும் அவள் தோல் நிறம் மட்டும்தான் வேறாக இருக்கும், மற்றபடி சினிமா நடிகை. புலிநகத்தோடு, கோரைப்பல்லோடு, தன் வயசோடு, தன் உடம்போடு வந்து நிற்கிற ஒருத்தியிடம் ஒரு சாதாரண மனுஷன், கிருமாம்பாக்கத்தில் பஸ் ஏறுகிற ஒருவன், உன் பக்கத்தில் உட்காரலாமா என்று கேட்கிற கதையை யாராவது தமிழில் எழுத வேண்டும். வாடகை எவ்வளவு ஆனாலும் எடுத்துப் படிப்பேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வருகிறேன். கண்ணுக்கு மருந்து விட்டுவிட்டுப் படுத்தீர்கள் என்றால் சும்மா கிடக்க உங்களால் ஆகாது. போனில் இருக்கிற ஒரு நாவலைத் தமிழில் சொல்லிக்கொண்டே வாசிக்கிறேன், கேளுங்கள். பிடிக்கவில்லை என்றால் நிறுத்திவிடுகிறேன். அந்த மாதிரிப் பக்கம் வரும்போது, அத்தை தாண்டிவிடட்டுமா, வாசிக்கட்டுமா என்று கேட்பேன். நீங்கள் சொல்வதுபடி.

உங்கள் அண்ணன் மகள்,
கடலூர்